படத்தில் தெரிந்த எண்கள்

1. செவ்வாய்க்கிழமை காலை, சம்பூரில் கருவாடு விற்கும் ஒரு அக்காவின் வலைப்பூவில் புதிய பதிவொன்றை ஏற்றினேன். தலைப்பு: "எங்கள் கட்டாக் கருவாடு எங்கேயிருந்து வருகிறது?"

2. அதில் ஆறு படங்கள் இருந்தன. நான்காவது படத்தில் அக்காவின் கணவர் தன் போட்டில் இருக்கிறார். முன்னால் ஜிபிஎஸ் கருவி.

3. புதன் பின்னேரத்துக்குள், நான் அதுவரை யாருக்காகவும் எழுதிய எதையும் விடக் கூடுதலான பேர் அந்தப் பதிவை வாசித்துவிட்டார்கள். எனக்குச் சந்தோஷம்.

4. சனிக்கிழமை விடிய அக்காவின் கணவர் வழக்கமாக மீன்பிடிக்கும் இடத்துக்குப் போனார். அங்கே பதினொரு போட்டுகள் நங்கூரம் போட்டு நின்றன.

5. அவர் தூண்டிலைப் போடாமலே திரும்பி வந்தார்.

6. அக்கா எனக்குப் போன் எடுத்து, "பிள்ளை, நீங்கள் அந்தப் படத்தில என்னத்தைப் போட்டனீங்கள்?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவேயில்லை. போனைக் காதில் வைத்தபடியே மடிக்கணினியைத் திறந்து நான்காவது படத்தைப் பெரிதாக்கினேன். கருவியின் திரையில் இரண்டு வரி எண்கள். கடைசி இலக்கம் வரை தெளிவாகத் தெரிந்தன. போனில் இருக்கும் எந்த வரைபடத்தில் அவற்றை அடித்தாலும் கடலில் ஒரே ஒரு புள்ளியில் கொண்டுபோய் நிறுத்தும். அடித்துப் பார்த்தேன். நிறுத்தியது.

படம் எடுத்தபோது அந்த எண்கள் தெரியவில்லை. வெயிலில் திரை வெளிறிப்போய்க் கிடந்தது. நான்தான் பிறகு அறையில் இருந்து, அந்த மூலையை மட்டும் தெரிந்தெடுத்து, இருட்டாக்கி, கூர்மையாக்கி, எழுத்து எடுப்பாக வரும்வரை மினக்கெட்டேன். படத்தில் எழுத்து இருந்தால் அதை வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது நான் படித்த விதி. எண்களை எழுத்தாகத்தான் பார்த்தேன். இடமாகப் பார்க்கவில்லை.

நான் திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் வீதியில், ஒரு மாடி அறையில் இருந்து வலைப்பூ நடத்திக் கொடுக்கும் வேலையைச் செய்கிறேன். கணினியில் டிப்ளோமா முடித்தவள். சுற்றுலாப் போட் விடுகிறவர், இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறவர், தையல்கடை வைத்திருக்கிற மூதூர்த் தாத்தா என்று சின்ன வியாபாரக்காரர்கள் வருவார்கள். எல்லோருக்கும் ஒரே விசயங்களைத்தான் சொல்வேன். தலைப்பில் ஊரின் பெயரைப் போடுங்கள். ஒரு பதிவில் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வாங்குகிற ஆள் கடையில் நின்று உங்களிடம் என்ன கேட்பாரோ அதுதான் கேள்வி. இணையத்தில் எடுத்த அழகான படத்தை விட உங்கள் போனில் எடுத்த சுமாரான படம் மேல். கேள்வி வந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் பதில் போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பொருள் எங்கே, எப்படி, யாருடைய கையால் வருகிறது என்பதை ஒளிக்காமல் காட்டுங்கள். பார்த்த பொருளைத்தான் சனம் நம்பும்.

இந்தக் கடைசி அறிவுரையை அக்கா அப்படியே பிடித்துக்கொண்டார். கருவாட்டில் மணலும் பழைய மீனும் வருகிறது என்று வாங்குகிறவர்களுக்கு எப்போதும் ஒரு பயம். "எங்கட ஆள் பிடிக்கிறார், நான் வெட்டிக் காயவைக்கிறன். அதைக் காட்டினால் போதும்" என்றார். படம் எடுக்க நான் போட்டில் போவதென்று முடிவானது. முதல் நாளே சம்பூருக்கு பஸ் ஏறினேன். விடிந்தபோது, நான் தனியாகப் போவது சரியில்லை என்று அக்காவும் போட்டில் ஏறிவிட்டார். கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் அவர் அதில் ஏறியது அதுதான் முதல் தடவை.

"இண்டைக்கு ரெண்டு பொம்பிளையள். மீன் பாத்திட்டு ஓடப்போகுது" என்றார் அக்காவின் கணவர்.

"இவ்வளவு காலமும் உங்களைப் பாத்துத்தானே ஓடினது" என்றார் அக்கா.

கரை மெல்லிய கோடாகத் தெரியும் தூரத்தில் கணவர் எஞ்சினை நிறுத்தினார். கீழே ஒரு பாறை இருக்கிறது, கட்டா மீன் அங்கே கூடும் என்று மட்டும் சொன்னார். கையில் எடுத்த முதல் வேலை, தோளில் கிடந்த துவாயை ஜிபிஎஸ் கருவியின் மேல் போட்டு மூடியது. அது படத்தைக் கெடுத்தது. பழைய துவாய், கறை வேறு.

"அண்ணா, அந்தத் துவாயை ஒருக்கா எடுக்கிறீங்களே?"

"அது வெயிலுக்குப் போட்டது, தங்கச்சி."

"ஒரே ஒரு படம். கருவி தெரிஞ்சால் நல்லாயிருக்கும்."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா, "எடுங்கோவன். படிச்ச பிள்ளை, காரணம் இல்லாமலே கேக்குது?" என்றார். அவர் எடுத்தார். நான் கிளிக் செய்ததும் உடனே மூடிவிட்டார். வெயிலுக்கு மூடுகிறவர் ஏன் அவ்வளவு அவசரப்பட வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகுதான் அக்கா சொன்னார். யுத்தம் முடிந்து ஊருக்கு மீளக்குடியேறி வந்த பிறகு, கணவர் கயிற்றில் ஈயக்கட்டி கட்டி இறக்கி இறக்கி, இரண்டு வருசம் தேடிக் கண்டுபிடித்த பாறை அது. சொந்தத் தம்பிக்குக்கூடச் சொன்னதில்லை. கடலில் பக்கத்தில் வேறு போட் வந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போவது போலப் பாசாங்கு செய்வார். கருவியை மூடுவது இங்கே எல்லாப் போட்டிலும் உள்ள பழக்கம். ஏன் மூடுகிறோம் என்று சொல்வதில்லை என்பதும் பழக்கம்தான். அதனால்தான் வெயில் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சம்பூருக்குப் போனேன். போட்டுகள் கரைக்கு வரும் நேரம். அவர் கடலுக்குப் போகவில்லை. தன் போட்டின் பக்கத்தில் குந்தி நங்கூரக் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த போட்டிலிருந்து கட்டா இறங்கியது. பெட்டி பெட்டியாக.

"அண்ணை, உங்கட பதிவு நல்லாயிருந்தது. லைக்கும் போட்டனான்" என்றான் பெட்டி தூக்கிய ஒருவன்.

"அடுத்த இடத்தின்ர படம் எப்ப வருது? சொல்லுங்கோ, டீசல் அடிச்சு வைப்பம்" என்றான் இன்னொருவன்.

கரையே சிரித்தது. அவர் தலையை நிமிர்த்தவில்லை. நான் போய் முன்னால் நின்று, "அண்ணா, அதை அழிச்சிட்டன்" என்றேன்.

"எதை?"

"படத்தை. பதிவை முழுசா எடுத்திட்டன்."

"அப்ப அந்தப் பதினொரு போட்டையும் அழியுங்கோவன்."

கயிற்றில் இன்னொரு சிக்கை எடுத்துவிட்டு, "எத்தினை பேர் பாத்தவையாம்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"அவ்வளவு பேரோ? கருவாடு வாங்கிற கொழும்புப் பொம்பிளையள் பத்துப் பதினைஞ்சு பேர் பாக்கிறதெண்டல்லோ நான் நினைச்சனான்."

பதிவு யாருக்காக என்று எழுதுகிறோமோ அவர்கள் மட்டும்தான் அதைப் படிப்பார்கள் என்று அவர் நினைத்தார். உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மீன்பிடிக்கிறவர்களும் மீனைப் பற்றி வாசிப்பார்கள் என்பது என் திட்டத்தில் எங்கேயும் இல்லை. தலைப்பில் ஊர்ப் பெயர் போட்டது நான். அந்த ஊர்க் கடற்கரை முழுவதும் போன் இருக்கிறது. படகுக்காரர்களின் போன் குழு ஒன்றில் யாரோ நான்காவது படத்தை மட்டும் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். கீழே எண்களைத் தட்டச்சும் செய்து கொடுத்திருக்கிறார்கள். நான் பதிவை எடுத்தபோது அந்தப் படம் பயணத்தை முடித்துவிட்டது.

அக்காவின் வீட்டில் இன்னொன்று காத்திருந்தது. அக்கா போனை நீட்டினார். கொழும்பிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும், கனடாவுக்குக் கொண்டுபோக என்றும், கட்டாக் கருவாடு கேட்டு வந்த செய்திகள். நான் சொல்லிக்கொடுத்தபடியே எல்லாவற்றுக்கும் ஒரு மணித்தியாலத்துக்குள் "ஓம், அனுப்புறம்" என்று பதில் போட்டிருந்தார்.

"இனி இதுக்கு மீனுக்கு எங்க போறது?" என்றார். பிறகு, நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னரே, கூடையை எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தார். அந்த லைக் போட்டவனிடமே கட்டா வாங்கினார். அவன் சிரிக்காமல் நிறுத்துக் கொடுத்தான், அதுவரைக்கும் நல்லது. கூடையோடு கணவரைக் கடந்து வரும்போது, "அது எங்கட மீன்" என்றார் அக்கா.

"கடலுக்குள்ள கிடந்ததில எங்கட எண்டு எழுதியிருக்கே? வெட்டு, வெயில் போகப் போகுது" என்றார் அவர்.

மூவரும் வெட்டினோம். எனக்குச் செதில் எடுக்கக்கூடச் சரியாகத் தெரியாது. ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். திரும்பும் பஸ்ஸில், கிண்ணியாப் பாலம் தாண்டும் வரைக்கும், போனில் வேறு வியாபாரக்காரர்களுக்காக ஏற்றிய பழைய படங்களைத் திறந்து ஒவ்வொரு மூலையாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றில் தையல்கடைத் தாத்தாவின் வாடிக்கையாளர் ஒருவரின் அளவுகள் கொப்பியில் தெரிந்தன. இன்னொன்றில் அறை வாடகைக்கு விடுகிறவரின் திறப்புக்கொத்து, எந்தத் திறப்பு எந்த அறைக்கு என்ற எழுத்தோடு. இரண்டையும் பஸ்ஸிலேயே நீக்கினேன்.

இப்போது நிலைமை இதுதான். பதிவு இல்லை. படம் இருக்கிறது, எத்தனை போன்களில் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பாறைக்குப் போட்டுகள் இன்னும் போகின்றன. அக்காவின் கணவர் அங்கே போவதில்லை. ஈச்சிலம்பற்றுப் பக்கமாகக் கயிறு இறக்கித் தேடுகிறார், இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. அக்கா கரையில் வாங்கும் கட்டாவைக் காயவைத்து விற்கிறார். வலைப்பூவின் முதல் பக்கத்தில் இருந்த "எங்கள் போட்டில் பிடித்தது" என்ற வரியை அவர் சொல்லி நான் எடுத்துவிட்டேன்.