புதுச்சேரிப் பள்ளியில் நான் தனியாகச் சொன்ன உறுதிமொழி

1959-ஆம் ஆண்டு ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். விழுப்புரம் பேருந்து நிலையத்தில் எதிரே உள்ள புளியமரம் தெரியாத அளவு பனி. கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு புதுச்சேரி வண்டியில் ஏறினேன். இருபத்துநான்கு மைல், கட்டணம் தொண்ணூற்றைந்து நயா பைசா. ஏழு மணிக்குப் புறப்பட வேண்டிய வண்டி ஏழு இருபத்திரண்டுக்குத்தான் அசைந்தது. ஏன் தாமதம் என்று ஓட்டுநரைக் கேட்டேன்.

"ரோடு எங்க இருக்குன்னு தெரிய வேணாமா சாமி?" என்றார்.

நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் மகள் ராஜத்தைப் புதுச்சேரியில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை சண்முகம் அங்கே நீதிமன்றத்தில் எழுத்தர். பேத்தி வசந்தாவுக்குப் பத்து வயது. பிரெஞ்சில் பாடம் நடத்தும் பெண்கள் பள்ளியில் படிக்கிறாள். பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தை ஒப்படைத்து நாலு வருடம் தாண்டிவிட்டது. இனி அந்த மொழியை வைத்துக்கொண்டு இந்தப் பெண் என்ன செய்யும்? அவளை விழுப்புரத்துக்கு அழைத்து வந்து, என் வீட்டில் வைத்துக்கொண்டு, ஆங்கிலம் நன்றாகச் சொல்லித்தரும் பள்ளியில் சேர்க்கிறேன் என்று மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது. "குடியரசு நாளன்று வசந்தா பள்ளியில் ஆங்கிலத்தில் உறுதிமொழி வாசிக்கிறாள். வந்து கேளுங்கள். தடுமாறினால் அன்றைக்கே அழைத்துப் போங்கள். தடுமாறாவிட்டால் இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்." மாப்பிள்ளை கைப்பட எழுதியது. சரி என்று எழுதிவிட்டேன்.

வழியில் வண்டி ஒன்பது இடத்தில் நின்றது. வில்லியனூருக்கு முன்னால், பழைய எல்லையைத் தாண்டும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெட்டியார்பாளையத்து விவசாயி என் கைப்பையைக் காட்டிக் கேட்டார்.

"உள்ள என்னா?"

"ஆரஞ்சு. ஆறு பழம். அறுபது பைசா."

"அஞ்சு வருசத்துக்கு முந்தி வந்திருந்தா இங்க சுங்கக்காரன் ஆறையும் உரிச்சுப் பாத்துட்டுத்தான் உட்டிருப்பான். ரெண்டு கொறஞ்சும் இருக்கும்."

சிரித்தேன். ஆனாலும் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

எட்டு ஐம்பதுக்குப் புதுச்சேரி. பனி விலகி நல்ல வெயில். ஒரு காபி பன்னிரண்டு பைசா. பாலில் தண்ணீர் இல்லை. கால்வாய்க்கு மேற்கே இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு ரிக்‌ஷாக்காரர் ஐம்பது கேட்டார், நாற்பதுக்கு வந்தார். வழியெல்லாம் என்னைப் பிரெஞ்சுக்காரரை அழைப்பதுபோல் "முசியே" என்றே அழைத்தார். தமிழனை ஏன் அப்படிக் கூப்பிடுகிறீர் என்றேன். "ஐயான்னா இன்னும் பத்து பைசா கொறைக்கச் சொல்வீங்க முசியே" என்றார்.

அன்று மாலை வசந்தா எனக்கு உறுதிமொழியைச் சொல்லிக் காட்டினாள். பள்ளியே எழுதிக்கொண்டது, ஏழு வரி, அறுபத்தொரு சொல். நாட்டுக்கு உண்மையாக இருப்பேன் என்று தொடங்கி, எல்லாரையும் உடன்பிறந்தவராக எண்ணுவேன் என்று முடிகிறது. கடலூரிலிருந்து புதிதாக வந்த ஆங்கில ஆசிரியை வெள்ளிக்கிழமைதான் கற்றுக்கொடுத்தாராம். நான்கு முறை சொல்லச் சொன்னேன். நான்காவது முறை முடிந்ததும் ராஜம் அடுக்களையிலிருந்து வந்தாள்.

"போதும்பா. கொழந்தைக்குத் தொண்ட கட்டிக்கப் போவுது. கட்டிக்கிச்சின்னா அதையும் தடுமாறினதுன்னு கணக்குல சேத்துப்பீங்க."

அவள் முகத்தைப் பார்த்தேன். உள்ளறையில் சிறிய தகரப்பெட்டி ஒன்று, வசந்தாவின் துணி அடுக்கித் தயாராக இருந்தது.

26, திங்கட்கிழமை, காலை ஏழே முக்கால். கடல்காற்று. கால்வாயைத் தாண்டிக் கிழக்கே நடந்தோம். வீட்டிலிருந்து பள்ளி வாசலுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது அடி வைத்தேன். மஞ்சள் சுவர், உயரமான சன்னல்கள், முற்றத்தில் கொடிக்கம்பம். பெற்றோருக்கு எட்டு பெஞ்சுகள், நாங்கள் இரண்டாவதில். பிள்ளைகள் பன்னிரண்டு வரிசையில் நின்றார்கள். தலைமை ஆசிரியையை எல்லாரும் மதாம் என்கிறார்கள். தமிழ்க் கிறிஸ்தவப் பெண்மணி, வெள்ளைப் புடவை.

கொடி ஏறியது. பாட்டு முடிந்தது. வசந்தா மேடைமீது வந்து வலக்கையை உயர்த்தினாள். பன்னிரண்டு வரிசையும் கையை உயர்த்தியது. முதல் வரியைத் தெளிவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு நின்றாள்.

ஒரு சத்தமும் இல்லை.

மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். தடுமாறினால் அழைத்துப் போகலாம் என்று வந்தவன் நான், மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டாவது வரியை வாயசைத்து அவளுக்கு எடுத்துக்கொடுக்கப் பார்த்தேன். ராஜம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் ஓரத்தில் நின்ற ஆங்கில ஆசிரியையைக் கவனித்தேன். "சொல்லுங்கள், சொல்லுங்கள்" என்று பிள்ளைகளைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். வசந்தா மறக்கவில்லை. மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள் என்று காத்து நிற்கிறாள். அவர்களோ கையைத் தூக்கியபடி, சிலைபோல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குழந்தையை இப்படித் தனியாக விடுவதா? எழுந்து நின்றேன். வலக்கையை உயர்த்தி முதல் வரியை உரக்கச் சொன்னேன்.

எட்டு பெஞ்சும் திரும்பியது. வசந்தா என்னை ஒருமுறை பார்த்தாள். இரண்டாவது வரியைச் சொன்னாள். சொன்னேன். மூன்றாவது, நான்காவது. மாப்பிள்ளை என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தார், நான் உட்காரவில்லை. ஏழு வரியும் அவள் சொல்ல, அந்த முற்றத்தில் நான் ஒருவனே திருப்பிச் சொன்னேன். ஏழாவது முடிந்ததும் பன்னிரண்டு வரிசையும் ஒரே குரலில் முழங்கியது.

"ஜெ லெ ஜூர்!"

திடுக்கிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "சத்தியம் செய்றேன்னு அர்த்தம் மாமா. எங்க கோர்ட்டுல அப்படித்தான். ஜட்ஜு முழுசும் படிப்பாரு. சாட்சி கையத் தூக்கிக்கிட்டு கேட்டுட்டு, கடைசியில இத மட்டும் சொல்லுவான். இந்தப் பள்ளிக்கூடத்துலயும் வருசா வருசம் ஒழுங்கு விதியெல்லாம் மதாம் படிச்சு இப்படித்தான் சத்தியம் வாங்குவாங்க. கடலூர் டீச்சருக்கு அது தெரியல. பசங்களுக்கு வேற எதுவும் தெரியல."

மதாம் எங்களிடம் வந்து பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். "அடுத்த வருசமும் வருவீங்களான்னு கேக்குறாங்க" என்றார் மாப்பிள்ளை.

வசந்தா மேடையிலிருந்து ஓடி வந்தாள். "நீ எதுக்குத் தாத்தா சொன்ன? நான் ஒண்ணும் மறக்கல."

"மறக்கலம்மா. ஒரு எழுத்துகூட மறக்கல."

இதைச் சொன்னபோது ராஜம் பக்கத்தில் இருந்தாள். என் தோளில் கிடந்த மப்ளரை எடுத்து மடித்துக் கையில் கொடுத்தாள். வீட்டுக்குப் போனதும் தகரப்பெட்டியைத் திறந்து துணிகளை மறுபடி கொடியில் போட்டாள். பள்ளியிலிருந்து வரும் வழியில் வசந்தாவுக்கு ஒரு புட்டி மை வாங்கியிருந்தேன், முப்பத்தைந்து பைசா. அதைப் பாவாடையில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலை மூன்று பத்து வண்டிக்கு நிலையம்வரை மாப்பிள்ளையோடு நடந்தே வந்தேன். ரெட்டியார்பாளையம் தாண்டும்வரை அந்த முழக்கம் காதில் இருந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் துண்டு துண்டாகத் திருப்பிச் சொல்கிறார்கள். வாக்கியம் எங்கே போய் முடியும் என்று தெரியுமுன்பே பாதிக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நானும் அறுபத்தெட்டு வயதுவரை அப்படித்தான். புதுச்சேரிப் பிள்ளைகள் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொல்கிறார்கள். கேட்ட மொழி ஆங்கிலம். அதில் எத்தனை பேருக்கு எத்தனை சொல் புரிந்ததோ, எனக்குத் தெரியாது. ஆனால் கை ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை; அதை எண்ணிப் பார்த்தேன்.

திரும்பும் கட்டணம் தொண்ணூற்றைந்து. ஆக மொத்தச் செலவு மூன்று ரூபாய் முப்பத்தேழு நயா பைசா. வசந்தாவுக்கென்று எடுத்து வைத்திருந்த அரை டிக்கெட் காசு, நாற்பத்தெட்டு பைசா, செலவாகவில்லை.