சொந்தப் புத்தியில் போட்ட வாக்கு

2011இல் மாநிலத் தேர்தல் வந்தது. குடியுரிமை கிடைத்த பிறகு சிட்னியில் எனக்கு அதுதான் முதல் வாக்கு.

எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர், நாங்கள் இருந்த கிரவீன் பகுதி முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினார். "எங்கட ஆக்கள் எல்லாரும் ஒரே ஆளுக்குப் போட்டாத்தான் எங்களை மதிப்பாங்கள், பிள்ளை." அவர் காட்டிய வேட்பாளர் சங்க விழாவுக்கு வேட்டி கட்டி வந்து வணக்கம் சொன்ன வெள்ளைக்காரர். எனக்கு அவர்மேல் கோபமில்லை. ஆனால் ரயில் நிலையப் படிகளில் இரட்டைப் பிள்ளைகளையும் தள்ளுவண்டியையும் தூக்கி ஏறுகிறவள் நான். லிஃப்ட் போட்டுத் தருவேன் என்றவர் எதிர்க்கட்சிக்காரர். வணக்கம் வந்து பிள்ளையைத் தூக்குமா?

ஊரில் ஒருமுறை வாக்குப் போடவே வேண்டாம் என்றார்கள், போகவில்லை. இன்னொருமுறை இன்னாருக்குப் போடு என்றார்கள், போட்டேன். முப்பத்து நாலு வயதில்தான் எனக்கென்று ஒரு விருப்பம் வந்திருந்தது. பயமும் கூடவே வந்தது. எனக்கிருந்த நாலு சிநேகிதிகளும் சங்கத்தின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கிடைத்தவர்கள். இந்தச் சனம் என்னை ஒதுக்கினால் இங்கே எனக்கு யார்?

வாக்குச்சாவடியில் அடையாள அட்டை கேட்கவில்லை, விரலில் மையும் பூசவில்லை. பெயரைக் கேட்ட பெண், வாக்குச்சீட்டின் மூலையில் ஏதோ கிறுக்கித் தந்தாள். எனக்குத் திக்கென்றது. யார் யாருக்குப் போட்டார்கள் என்று பிறகு பார்க்கத்தான் இந்த அடையாளம் என்று நினைத்துவிட்டேன். பென்சிலைப் பிடித்தபடி நின்றேன், நின்றேன், பிறகு திரும்பிப் போய் அவளிடமே கேட்டேன். சீட்டு போலி இல்லை என்பதற்கான கையெழுத்துதான், எல்லோருக்கும் இதேதான் என்று சிரித்தாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. லிஃப்ட்காரருக்குப் போட்டேன்.

வாசலில் துண்டுப் பிரசுரங்களோடு தலைவர் நின்றார்.

"எங்கட ஆளுக்குத்தானே போட்டனீர்?"

ஓம் என்று சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். வாய் வரவில்லை.

"இல்லை அங்கிள். மற்றவருக்குத்தான் போட்டனான். எனக்கு லிஃப்ட் வேணும்."

அவர் முகம் சுருங்கியது. கையிலிருந்த தாள்களை ஒருமுறை அடுக்கினார்.

"அது உம்மட விருப்பம்," என்றார் கடைசியில். "வாற சனி தமிழ்ப் பள்ளிக்கூடக் குசினியில சமைக்க உம்மட முறை. நேரத்துக்கு வந்திடும், என்ன?"

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் அழுதேன். அவ்வளவு நிம்மதி.