இடது காலுக்கு ஓர் ஆள்

வெங்கடபதியின் இடது கால் கணுக்காலோடு செத்துப்போயிருந்தது. 1949இல் சூலூர்ப் பக்கம் ஒரு கிணற்றுக்குள் பம்பு இறக்கும்போது வடம் நழுவி இரும்புக்குழாய் காலின்மேல் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, உணர்ச்சி திரும்பவில்லை. தடி இல்லாமல் ஊன்றினால் பாதம் ஈரத்துணி மாதிரி மடிந்துகொள்ளும். அப்போது அவருக்கு முப்பது வயது. தோட்டம் தோட்டமாகப் போய் மோட்டார் பம்பு ரிப்பேர் பார்ப்பது தொழில். இனிமேல் சைக்கிள் மிதிக்க முடியாது. பஸ்ஸோ கிணற்று மேடுவரை வராது.

மறுவருஷம் பட்டாளத்து ஏலத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை எடுத்தார். யுத்தத்துக்கு வந்திறங்கிய வண்டி, எருமைக்கிடா மாதிரி கனம். ஓடிக்கொண்டிருக்கும்வரை அவருக்கு ஒரு குறையும் இல்லை. நிறுத்தும்போதுதான் வம்பு. நம் ரோடுகள் நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருப்பவை. ஓரங்கட்டினால் வண்டி இடப்பக்கம்தான் சாயும். வலது கால் கியரைத் தள்ளிக்கொண்டிருக்கும். இடது கால் இருந்தும் இல்லாததுதான். "பக்கத்துல ஒரு சைடுகார்த் தொட்டி மாட்டிக்குங்க" என்று சிலர் யோசனை சொன்னார்கள். தொட்டி கட்டிய வண்டி வரப்பில் எங்கே போகும்?

அதனால் பின்சீட்டில் அவர் மனைவி கோமளா ஏறினாள்.

இடப்பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு உட்காருவாள். நிற்கப்போகிற இடம் வந்ததும் அவர் "கோமளா" என்பார். வண்டி நிற்பதற்குள் அவளுடைய இரண்டு காலும் தரையில் இருக்கும், இடுப்பைச் சீட்டுக்கு முட்டுக்கொடுத்து நிற்பாள். பிறகு இரண்டு பேருமாக வண்டியை ஸ்டாண்டில் ஏற்றுவார்கள். சிங்காநல்லூரில் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. அவர் கிணற்றுக்குள் இருக்கும்போது அவள் மேலே நின்று ஸ்பேனரைக் கயிற்றில் கட்டி இறக்குவாள். மதுக்கரையிலிருந்து காங்கேயம்வரை எந்தத் தோட்டத்துக் கிணற்றில் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் என்று அவரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். வழியில் பெரிதாக ஒன்றும் பேசிக்கொண்டதில்லை. என்ஜின் சத்தத்தில் பேசவும் முடியாது.

எட்டு வருஷம் அப்படிப் போயிற்று. ஐம்பத்தெட்டு ஐப்பசியில் கோமளாவுக்கு டைபாய்டு வந்தது. பதினொரு நாள் படுத்திருந்து, பன்னிரண்டாம் நாள் போய்விட்டாள்.

வண்டி நான்கு மாதம் சாக்குப் போர்த்தியபடி கிடந்தது. பிறகு ஆட்கள் வந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். வெள்ளாமை காய்ந்தால் யாருக்குப் பொறுக்கும்? வெங்கடபதி பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தெருவில் இறக்கினார். அன்றிலிருந்து போகிற வருகிறவர்கள்தான் அவருக்கு இடது கால் ஆனார்கள்.

"ஏனுங்க, எந்தூருக்குப் போறீங்க? ஏறுங்க. நிக்கறப்ப எடதுகால நல்லா ஊனிக்கோணும், அவ்வளவுதானுங்க."

சும்மா கொண்டுபோய் விடுகிறார் என்று ஏறினார்கள். இறங்கியதும் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிக் கொடுத்து, கும்பிட்டுவிட்டு நடந்துவிடுவார்கள். அடுத்த ஆள் வருகிறவரை அவர் அங்கேயே காத்திருக்க வேண்டும். கருமத்தம்பட்டிப் பிரிவில் ஒரு நாள் காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை உட்கார்ந்திருந்தார். அன்னூர் போகிறேன் என்று ஒருவர் கடைசியில் ஏற, சிங்காநல்லூர் போக வேண்டியவர் வடக்கே அன்னூருக்குப் போனார். எத்தனையோ பேர் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். ஒருவருடைய முகமும் அவருக்கு நினைவில் நிற்கவில்லை.

அறுபத்திரண்டு மாசியில் காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில் மோட்டாரைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பினார். சென்னியப்பன் என்ற மாட்டுத் தரகர் பல்லடம்வரை வருவதாகச் சொல்லி ஏறிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், "ஊட்ல எத்தன பேருங்க?" என்று கேட்டார்.

சாதாரணக் கேள்விதான். மூன்று வருஷத்துக்கு மேலாக அதை யாரும் கேட்கவில்லை. வெங்கடபதி பேசத் தொடங்கினார். கோமளா உட்காருகிற விதம், மழையில் முந்தானையை மடித்து அவர் தலையில் போட்டது, பதினொரு நாளில் எந்தெந்த நாள் கஞ்சி குடித்தாள், எந்த நாள் அவரை அடையாளம் தெரியாமல் பார்த்தாள் எல்லாம். நடுவில் ஓர் ஆட்டு மந்தை ரோட்டைக் கடந்தது. வண்டியை ஊர்வதுபோல ஓட்டினார், பேச்சை விடவில்லை. பின்னால் பாரம் குறைந்ததை உடம்பு சொல்லியிருக்க வேண்டும். அவர் மனசு அங்கே இல்லை. பொங்கலூர் தாண்டும்வரை பேசினார். பேச்சு முடிந்ததும் ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டினார்.

"ஊனிக்குங்க" என்றார்.

ஊன்ற யாரும் இல்லை. வண்டி அவரையும் சேர்த்து இடப்பக்கம் சாய்ந்தது. செத்த கால் அடியில் மாட்டிக்கொண்டது, வலியே இல்லை. பெட்ரோல் சட்டையில் சொட்டியது. கையை எவ்வளவு ஊன்றியும் வண்டி அசையவில்லை. மரத்தில் காக்கைகள் இரைந்தன. பின்னால் நீண்டு கிடந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். ஓர் ஆளும் இல்லை. அவ்வளவு தூரமும் யாரிடம் பேசினோம் என்று நினைத்தபோதுதான் அவருக்கு அழுகை வந்தது. மனைவி போனபோதுகூட அவர் அப்படி அழவில்லை.

அரைமணி கழித்து ஒரு பஸ் வந்தது. ஆட்கள் இறங்கித் தூக்கினார்கள்.

"தனியாவா வந்தீங்க?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க, ஒருத்தர் இருந்தாரு."

கண்டக்டர் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார்.

வண்டி ஓடுகிற நிலையில்தான் இருந்தது. விஷயம் தெரிந்ததும் பஸ்ஸிலிருந்து ஒருவர் தம் பையை எடுத்துக்கொண்டு வந்தார். பெயர் ஜபருல்லா. கோட்டைமேட்டில் தகரக் கடை, எண்ணெய் மில்லுகளுக்கு டின் செய்து கொடுக்கிறவர். "வாங்க, நானும் அந்தப் பக்கந்தானே" என்று ஏறிக்கொண்டார். பல்லடத்திலும் சூலூரிலும் நின்றபோது சொல்லாமலே காலை ஊன்றினார். வீட்டு வாசலில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, பூட்டிய கதவைப் பார்த்தார்.

"ஊட்டுல யாருமில்லீங்களா?"

வெங்கடபதி வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியதெல்லாம் காலியாகிப் போயிருந்தது. "இல்லீங்க பாய்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு மாதம் கழித்துக் காங்கேயம் சந்தையில் சென்னியப்பனைப் பார்த்தார். அவர் பதறிப்போனார். "எங்க மாமன் மாட்டுவண்டி நிக்கறதப் பாத்து, ஆட்டு மந்தைகிட்ட எறங்கிக்கறன்னு சொன்னனுங்களே! நீங்களும் தலையாட்டுனீங்க!"

தலையாட்டியிருக்கலாம். கதை சொல்கிறவன் தலையாட்டாமல் எப்படிச் சொல்வான்? கோபப்பட அவரால் முடியவில்லை.

அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் ஆள் ஏற்றிக்கொண்டு ஓட்டினார். ஆனால் ஏறுகிறவர்களிடம் ஒன்றும் பேசுவதில்லை. அறுபத்தேழில் வண்டியை அவிநாசிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, காந்திபுரத்தில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் வேலைக்குச் சேர்ந்தார். உட்கார்ந்தே செய்கிற வேலை. காலையில் பஸ்ஸில் போய், சாயந்திரம் பஸ்ஸில் வருவார்.

ஒரு சனிக்கிழமை உக்கடம் பக்கம் போனவர் விசாரித்துக்கொண்டு தகரக் கடைக்குப் போனார். ஜபருல்லாவுக்கு முதலில் ஆள் தெரியவில்லை. தடியைப் பார்த்துத்தான் கண்டுகொண்டார்.

"அட, நீங்களா! இப்ப யாருங்க பின்னால ஒக்கார்றாங்க?"

"வண்டியக் குடுத்துப்போட்டனுங்க, பாய்."

ஜபருல்லா கையிலிருந்த டின்னைக் கீழே வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, எதிர்க்கடைக்கு இரண்டு விரலைக் காட்டினார். டீ வந்தது. உள்ளே தகரம் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வெங்கடபதி டீயை ஆற்றி ஆற்றி, ஆறிப்போகிறவரை மெதுவாகக் குடித்தார்.