கபடியும் மார்க்கும்

வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்கு ஆசிரியர். போன வருடம் எங்கள் பத்தாம் வகுப்பில் அரையாண்டு மதிப்பெண்கள் சரிந்தன. அதே வருடம்தான் பெண்பிள்ளைகளுக்குக் கபடிப் பயிற்சி தொடங்கியிருந்தோம். இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, பயிற்சியை நிறுத்திவிடலாம் என்றேன்.

நன்றாகவே பேசினேன். "கபடி வந்துச்சு, மார்க் போயிருச்சு" என்றதும் கைதட்டினார்கள். இன்றைக்கு மைதானம், நாளைக்கு வெளியூர்ப் போட்டி, அப்புறம் படிப்பே வேண்டாம் என்பார்கள் என்று பயமுறுத்தினேன். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, ஆட்டத்தில் கை முறிந்த ஒரு மாணவியின் மாவுக்கட்டைப் பற்றிச் சொன்னேன். சில அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். தலைமுடியில் பஞ்சுத் தூசி. தறிக்கூடத்திலிருந்து நேராக வந்திருக்க வேண்டும்.

"ஏனுங்க சார், ஆம்பளப் பசங்களுக்கும் மார்க் கொறஞ்சிருக்குதுங்களா?"

பட்டியல் என் கையில்தான் இருந்தது. "ஆமாங்க, கொறஞ்சிருக்குது."

"அவங்க கபடி ஆடலீங்களே?"

முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பி, "தறி ஓட்டறவளுக்குப் படிப்பப் பத்தி என்ன தெரியும்?" என்றார்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. "நான் தறி ஓட்டறது நெசந்தானுங்க. அதுக்காவ பசங்க மார்க் ஏறிடுமுங்களா?"

கூட்டம் சிரித்தது. அவர் என்னைப் பார்த்தார். "சார் சொன்ன கை, எம்புள்ள கைதானுங்க."

எப்போதும் அந்த மாணவியின் அப்பாதான் பள்ளிக்கு வருவார். அம்மாவை நான் பார்த்ததே இல்லை. அப்போது அவர் அழுதிருந்தால் மொத்தக் கூட்டமும் அவர் பக்கம் சாய்ந்திருக்கும். அழவில்லை.

"எம்புள்ளயப் பாத்துப் பாவப்பட்டு முடிவு பண்ணாதீங்க. அவ உழுந்த எடத்துல கல்லு கெடந்துச்சு. கல்லப் பொறுக்கினாத் தீர்ற காரியத்துக்கு ஆட்டத்த எதுக்குங்க நிறுத்தோணும்?"

ஒரு கூற்றைப் பொய்யாக்க ஓர் எதிர் உதாரணம் போதும் என்று வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். என் பேச்சுக்கு அந்த ஒன்றைத் தேடிப் பார்க்கவே தோன்றவில்லை. கைதட்டல் போதுமாக இருந்தது. அவரோ, தனக்குக் கைகொடுக்கக்கூடிய கண்ணீரையும் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டுப் பேசினார். அப்படி ஒருவர் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

எழுந்து, சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பெற்றோரும் ஆசிரியர்களுமாக மைதானத்தில் கல் பொறுக்கினோம். பிறகுதான் விடைத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மற்றப் பாடங்களைவிட அதிகமாகச் சரிந்திருந்தது கணக்கில்தான். இப்போது பயிற்சி முடிந்து வருகிறவர்களையும் சேர்த்துக்கொண்டு மாலையில் ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கிறேன்.