பக்கத்து வீட்டில் கேட்டேன்

குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவில் எனக்கு வீடு பார்க்கும் வேலை. வாங்குவதற்கு அல்ல, அந்த வீட்டில் ஒரு குழந்தை இருக்கலாமா, கூடாதா என்று எழுதிக் கொடுப்பதற்கு.

ஓசூரில் ஒரு லைன் வீடு எப்போதும் பூட்டியே கிடக்கிறது, ஆறு வயதுப் பெண்ணைக் கவனிக்க ஆளில்லை என்று யாரோ போன் செய்திருந்தார்கள். மதியம் மூன்றரைக்குப் போனேன். தாய் இருந்தாள். விருதுநகர்ப் பக்கம், கணவன் இல்லை, கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. பானையில் சோறு இருந்தது, கொடியில் யூனிஃபார்ம் காய்ந்தது. வேலை நேரத்தில் பிள்ளையை அடுத்த தெருத் தையல்காரம்மா பார்த்துக்கொள்கிறார் என்றாள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

அக்கம்பக்கத்தில் இருவரிடம் விசாரிக்க வேண்டும் என்பது விதி. அன்று இரண்டு பக்கமும் பூட்டு. மறுநாள் காலை போனபோது இவள் வீட்டில் பூட்டு, அவர்கள் இருந்தார்கள்.

“அந்தம்மா மொகத்தயே பாத்ததில்லீங்க மேடம். வூடு எப்பவும் பூட்டித்தான் கெடக்குது,” என்றாள் ஒருத்தி. மற்றவளும் அதையே சொன்னாள்.

கிருஷ்ணகிரியில் கூடிய குழந்தைகள் நலக் குழு அந்த இரண்டு வரியைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டது. பெண்ணைத் தற்காலிகமாகக் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பினார்கள். கூட்டிப்போய் விட்டது நான்தான். பிறகு கேன்டீனில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து வேறொரு விசாரணைக்காக அதே லைனுக்குப் போனேன். கம்பெனி பஸ் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனது. அதே பஸ் திரும்பி வந்து அந்தத் தாயை இறக்கிவிட்டது. விசாரித்தேன். அடுத்த வாரம் அவர்களுக்குக் காலை, இவளுக்கு மதியம். வார லீவும் வேறு வேறு நாள். எப்படி மாறினாலும் இவள் வீட்டில் விழித்திருக்கும்போது அவர்கள் கம்பெனியில். யாரும் பொய் சொல்லவில்லை. நான்தான் பூட்டைப் பார்த்தேன், ஷிஃப்டைக் கேட்கவில்லை.

வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசைதான். எதுவும் உறைக்கவில்லை. திருத்தி எழுதிக் கொடுத்தேன்.

பெண் வீடு திரும்பிய பிறகு, விதிப்படி ஒருமுறை போய்ப் பார்த்தேன்.

“லீவு போட்டு எல்லா வீட்டுக்கும் போயி என் மூஞ்சியக் காட்டிட்டு வந்துட்டேன் மேடம். இனிமே கேட்டா சொல்லுவாக,” என்றாள் தாய்.

பெண் என்னைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பள்ளிப் பையில் இரண்டு கவுனைத் திணித்துக்கொண்டு வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். கூட்டிப்போக வரவில்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.