பேச்சுக்கு நடுவே ஒரு ‘ம்’

மகளுக்கு ஏழு மாதம் ஆனபோது மறுபடி வேலைக்குச் சேர்ந்தேன். அனுமந்தன்பட்டியில் வீட்டிலிருந்தபடியே வேலை. ஏலக்காய் வியாபாரிகளுக்கான ஒரு செயலியில், செல்போனுக்கும் சர்வருக்கும் இடையே இணைப்பு அறாமல் பார்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு, அதாவது லைப்ரரி, என் பொறுப்பு. மலைத் தோட்டத்தில் எடுக்கும் ஏலக்காய்ப் படம் போடியில் உள்ள கடைக்கு உடனே வந்துசேர வேண்டும். அலுவலகத்தில் சோதித்தபோது நன்றாக ஓடியது. மலையிலிருந்து ஒரு படம்கூட வரவில்லை. பாதியில் இணைப்பு அறும், முதலிலிருந்து தொடங்கும், மறுபடி அறும்.

“கைக்குழந்தையோட சிரமமா இருந்தா வேற ஒருத்தர்கிட்ட குடுத்துடலாம்மா” என்றார் சென்னையிலிருந்து மேலாளர். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் பயம். நாளை மாலைக்குள் சரிசெய்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று தவித்தேன்.

சர்வர் அவ்வப்போது ‘இருக்கிறாயா?’ என்று ஒரு சின்னச் செய்தி அனுப்பும். அது பிங். ‘இருக்கிறேன்’ என்று உடனே பாங் போக வேண்டும். போகாவிட்டால் சர்வர் இணைப்பை வெட்டிவிடும். பாங் அனுப்பும் வரிகளை எழுதித்தான் இருந்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். இருந்தன.

மறுநாள் மலைத் தோட்டத்துக்கு ஏலக்காய் வாங்கப் போன கணவர், அவரும் வியாபாரிதான், அங்கிருந்து படம் அனுப்பிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். “ஏ புள்ள, மறுபடியும் அறுந்துபோச்சு. தோட்டத்துக்காரக சிரிக்கிறாக.”

நான் மூச்சுவிடாமல் விளக்கத் தொடங்கினேன். தொட்டிலில் மகள் சிணுங்கினாள். “சர்வர் என்ன பண்ணுதுன்னா… ம்ம்… அது பிங் அனுப்பும்போது… ம்ம்டா தங்கம்… நம்ம பக்கம்…”

தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த மதினி, கணவரின் அக்கா, சிரித்துவிட்டார். “ஏன்த்தா, அவன்கிட்டயும் பேசுற, மகளுக்கும் ‘ம்’ கொட்டுற! நீ பேசி முடிக்கிற வரைக்கும் அவ காத்திருப்பாளாக்கும்? அந்த ‘ம்’ இல்லாட்டி வீட்டையே ரெண்டாக்கியிருப்பா.”

“ஹலோ, இருக்கியா?” என்றார் கணவர். நான் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு நிரலைத் திறந்திருந்தேன்.

என் லைப்ரரி படத்தை ஒரே மூச்சில் அனுப்பியது. பாங், அது முடியும்வரை வரிசையில் பின்னால் நின்றது. அலுவலகத்து வேகத்தில் பிங் வருவதற்குள் படம் போய்விடும். மலைச் சிக்னலில் அப்படியா? பாங் தாமதமாகும், சர்வர் வெட்டிவிடும். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்ந்தவள் நான். நிரலையும் அப்படியே வளர்த்திருக்கிறேன். நீளமான செய்தியைத் துண்டாக்கலாம், துண்டுகளுக்கு நடுவே பாங் போகலாம் என்று இந்த இணைப்புக்கான விதியிலேயே இருக்கிறது. படித்தவள்தான். ஆனாலும் நடுவில் புகுந்தால் படம் கெட்டுவிடுமோ என்று பயந்து அப்படி எழுதாமல் இருந்துவிட்டேன்.

படத்தைத் துண்டுகளாக்கினேன். துண்டு முடிகிற இடத்தில் மட்டும் பாங் நுழையும்படி எழுதினேன். தவறிப்போய்த் துண்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டால்? மறுபடி பார்த்தேன். இன்னொரு தடவையும் பார்த்துவிட்டுத்தான் கணவரின் போனுக்குத் திருத்திய செயலியை அனுப்பினேன்.

“படம் அனுப்பிட்டேன். வந்துச்சா?” என்றார் கணவர்.

“இருங்க” என்றேன்.

“வந்துச்சான்னு கேக்கேன்ல?”

“இருங்கன்னேன்ல!”

பிங் வந்தது. பாங் போனது. மீண்டும் பிங், மீண்டும் பாங். இணைப்பு அப்படியே நின்றது. என் திரையில் மேலிருந்து கீழாக ஒரு உள்ளங்கை, அது நிறையப் பச்சை ஏலக்காய்.

“மதினி, வந்துருச்சு!” என்று கத்தினேன். மகள் திடுக்கிட்டு, பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு கணவரை நிறுத்த முடியவில்லை. ஜீப், செடி, சாக்கு, தேநீர் கிளாஸ், தோட்டத்துக்காரரின் மீசை. “போதும்னு சொல்லுத்தா, கிறுக்குப்பய” என்றார் மதினி, ஒரு படம் விடாமல் பார்த்தபடி.

நான் சொல்லவில்லை. மேலாளருக்கு, ‘சரியாகிவிட்டது. இந்த வேலையை நானே தொடர்கிறேன்’ என்று எழுதினேன். மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினேன்.