இழுத்த எழுத்து

பல் மருத்துவமனையின் பெயர்ப்பலகை மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, ‘பல்’லுக்கும் ‘மருத்துவமனை’க்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று ஒரு கல்லூரிப் பெண் அளந்துகொண்டிருக்கிறாள். பஸ் வர இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது. உள்ளே டோக்கன் கொடுக்கும் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறாள்.

“பல் வலியாம்மா?”

“எனக்கில்ல, உங்க போர்டுக்கு. பல்லு ஒரு தெருவுல நிக்குது, மருத்துவமனை அடுத்த தெருவுல நிக்குது. யாரு பண்ணது இது?”

“யாருக்குத் தெரியும்? கம்ப்யூட்டர்ல பண்ணது.”

“கம்ப்யூட்டர் தானா எதுவும் பண்ணாதுங்க. யாரோ ஒரு ஆள் உக்காந்து பண்ணியிருக்காரு.”

எந்த நேரமும் ஸ்கேலும் கையுமாகத் திரிவதால் கல்லூரியில் அவளுக்கு ‘ஸ்கேல்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. இருபத்தொரு வயது. டிஜிட்டல் மீடியாவும் கிராஃபிக் டிசைனும் சேர்ந்த படிப்பு, மூன்றாம் வருடம், கடைசி செமஸ்டர். மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட், லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை என்று எழுத்து எங்கே இருந்தாலும் முதலில் அதன் இடைவெளியைப் பார்ப்பாள், அப்புறம்தான் படிப்பாள். லிஃப்ட் எச்சரிக்கையை அவள் படித்து முடிப்பதற்குள் மாடி வந்துவிடும்.

இது ரத்தத்தில் வந்த வியாதி. அப்பா டைல்ஸ் பதிக்கிறவர். போகிற வீட்டிலெல்லாம் காபி கொடுப்பதற்குள் குனிந்து தரையைத் தடவிப் பார்க்கிற மனிதர். அம்மா தையல் கம்பெனியில் சட்டைகளைச் சரிபார்க்கும் மேஜையில் நிற்கிறாள். ஒரு நாளைக்கு நானூறு சட்டைகளில் காலர் கோணலைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. கோளாறு பார்த்தே குடும்பம் நடத்துகிற இவர்களுக்குப் பிறந்த பெண் வேறு எப்படி இருப்பாள்?

உறவுக்காரர்களுக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை. தாய்மாமா மூன்று வருடமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார். “கிராஃபிக்ஸ்னா சினிமாவுல டைனோசர் விடறாங்களே, அதானே?” சித்திக்கு அந்தக் கவலையும் கிடையாது. “குழந்தை பர்த்டேக்கு ஒரு பேனர் போட்டுக் குடுடி. உனக்கென்ன, ரெண்டு நிமிஷ வேலை.” அந்த ‘ரெண்டு நிமிஷம்’ காதில் விழுந்ததும் ஸ்கேலின் முகம் கல்லாகிவிடும். ஆனால் கத்தமாட்டாள். அவளுக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் கூடவே ஏறும், அதுதான் அவளிடம் உள்ள விசேஷம். தம்பியைப் பார்த்து ஒரு தரம் “நீங்க சொல்லுங்க” என்றாள் என்றால், அவன் செருப்பைக்கூடத் தேடாமல் தெருவுக்கு ஓடிவிடுவான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கணினியில் ஒரு படம் செய்யும்போது அதை அடுக்கடுக்காகச் செய்வார்கள். ஒவ்வொரு அடுக்குக்கும், அதாவது லேயருக்கு, பெயர் வைக்கவேண்டும் என்பது விதி. எல்லாரும் ‘லேயர் 47’ என்று கணினி கொடுத்ததையே விட்டுவிடுவார்கள். இவள் மனத்தில் ஓடுவதையெல்லாம் எழுதிவைப்பாள். ‘அம்மா போன் பண்ணினப்ப வரைஞ்சது, அதான் கோணல்.’ ‘இதுவும் சரியில்லைன்னா கையை ஒடிச்சுக்குவேன்.’ ‘சார் கேட்ட மாற்றம், மறைத்து வைக்கவும்.’ அவளுடைய கோப்பைத் திறந்தால் டைரியைத் திறந்த மாதிரி இருக்கும்.

மேலே சொன்ன ‘சார்’ துறைத்தலைவர். மாணவர்கள் வைத்த பெயர் ‘வாட்டர்மார்க்’. எந்தப் படத்தைக் கண்டாலும் அதன் நெஞ்சுக்குக் குறுக்கே தன் பெயரை மங்கலாக ஓடவிட்டுவிடுவார். கேன்டீன் நேர அட்டவணையில்கூட அவர் பெயர் ஓடுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பாவம், ஆசைப்படுகிறார் என்று மூன்று வருடம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரித்தது தப்பு.

போன செமஸ்டரில் ஒரு பயிற்சி. கல்லூரிக்குப் புது மாணவர்களை அழைக்க ஒரு சுவரொட்டி செய்யவேண்டும். மற்றவர்கள் கிடைத்த எழுத்துருவை எடுத்துப் போட்டு, சிரிக்கிற இரண்டு முகங்களை ஒட்டி, மூன்று நாளில் முடித்தார்கள். ஸ்கேல் ‘உள்ளே வா’ என்று இரண்டே சொல்லை எடுத்துக்கொண்டு, எழுத்தையே கையால் வரைய உட்கார்ந்தாள். வாட்டர்மார்க் பார்த்துவிட்டு, “மரியாதையா ‘வாருங்கள்’னு போடும்மா” என்றார். “வாருங்கள்னா வாசல்லயே நிக்க வச்சுப் பேசற மாதிரி இருக்கு சார். வான்னாதான் உள்ள வருவாங்க” என்றாள். பதினோரு வாரம். அதில் ‘ளே’யின் கொம்பு மேலே சுழிக்கிற இடத்துக்கு மட்டும் ஒன்பது நாள். ட்ரேசிங் தாள் தீர்ந்து, அம்மா கம்பெனியிலிருந்து கொண்டுவந்த தையல் பேட்டர்ன் தாளில் வரைந்தாள். முடிந்தபோது அந்த எழுத்துகள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி இருந்தன. வகுப்பே எழுந்துவந்து பார்த்தது.

அந்தத் துறையில் ஒரு வழக்கம். வேலையைக் காகிதமாகவோ படமாகவோ கொடுத்தால் மதிப்பெண் கிடையாது. எல்லா லேயரும் பிரிந்து கிடக்கிற மூலக் கோப்பையே துறையின் பொதுக் கணினியில் போட்டுவிடவேண்டும். “நீங்களே பண்ணீங்களான்னு தெரியணும்ல” என்று வாட்டர்மார்க் கொண்டுவந்த ஏற்பாடு. போட்டாள்.

இந்தச் செமஸ்டர் ஒரு திங்கட்கிழமை பஸ் கல்லூரி வாசலுக்குத் திரும்பியபோது எதிர்ச்சாரியில் முப்பத்தாறு அடி அகலத்துக்கு ஃப்ளெக்ஸ் நின்றது. ‘உள்ளே வா.’ அவள் எழுத்து. பதினோரு வார எழுத்து. ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். அடுத்த நொடி, எழுத்தெல்லாம் பக்கவாட்டில் இழுபட்டிருப்பதைப் பார்த்தாள். ஒன்பது நாள் உழைத்த அந்தச் சுழி, பொன்னுக்குவீங்கி வந்த பிள்ளையின் கன்னம் போல உப்பிக் கிடந்தது. அதற்கும் அப்புறம்தான் கீழே, வலது மூலையில், ‘வடிவமைப்பு’ என்று போட்டு முன்னால் ஒரு பட்டமும் பின்னால் இரண்டு பட்டமுமாக வாட்டர்மார்க்கின் பெயர் இருப்பதைப் படித்தாள்.

அன்றைக்கு முதல் பீரியடுக்குப் போகவில்லை. ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையைத் தேடிப் போனாள். இயந்திரத்தில் சுருளை மாட்டிக்கொண்டிருந்த ஆபரேட்டர் அவள் கேட்டதும் நிமிர்ந்தார்.

“நீதானா அந்தக் ‘கையை ஒடிச்சுக்குவேன்’? லேயர் பேரைப் படிச்சுப் படிச்சு நாங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே.”

“இழுத்தது யாருங்கண்ணா?”

“உங்க சார்தான். இந்த நாற்காலியில உக்காந்து அவரே இழுத்தாரு. ரெண்டு பக்கமும் மூணு மூணு அடி வெறும் கலரா விட்டா நல்லா இருக்கும் சார்னு சொன்னேன். வெத்து இடம் விட்டா வேலையே பண்ணாத மாதிரி இருக்கும்னுட்டாரு.”

“ஷிப்ட் கீயை அழுத்திக்கிட்டு இழுத்தா அகலமும் உயரமும் ஒண்ணாவே வளரும்.”

“அது எனக்குத் தெரியும்மா. எட்டாவது படிச்ச எனக்கே தெரியும்.”

எழுத்தை இழுக்கும்போது ஷிப்டை விடாதே என்பது முதல் செமஸ்டரின் முதல் பாடம். அதை நடத்தியவர் வாட்டர்மார்க். வேலியே பயிரை மேய்வது உலகத்தில் நடக்காததல்ல. மேய்கிற வேலி, பயிரை மிதித்தும் துவைத்துவிட்டுப் போனால் என்ன சொல்வது?

துறைத்தலைவர் அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நல்ல மனநிலையில் இருந்தார்.

“போர்டைப் பார்த்தியா? பிரின்ஸ்பால் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு.”

“யாரு கையை சார்?”

அவர் சிரித்தார். “காலேஜ் சிஸ்டம்ல பண்ணது காலேஜுக்குச் சொந்தம்மா. சேரும்போதே கையெழுத்துப் போட்டிருக்க. நீ பெருமைப்படணும்.”

“காலேஜ் பேரு போட்டிருந்தா சரிங்க சார். உங்க பேரைப் போட்டிருக்கீங்களேங்க சார்.”

“வழிகாட்டினது யாரு? நான் சொல்லாம நீ வரைஞ்சியா?”

“நீங்க ‘வாருங்கள்’னு போடச் சொன்னீங்க. அது தனி லேயரா இருக்குதுங்க சார். வேணும்னா திறந்து காட்டறேங்க.”

மரியாதை எந்த உயரத்துக்குப் போயிருந்தது என்று பாருங்கள். அவருக்கு அது புரியவில்லை. மதிப்பெண் பட்டியலை எடுத்து மேஜையில் தட்டி ஓரம் சேர்த்தார்.

“அடுத்த வாரம் கடைசி ரிவ்யூ. வெளியில இருந்து மேடம் வராங்க. சுவர்ல மாட்டற உன்னோட எட்டு போர்டுல இதை வைக்காத. வெளியில என் பேருல தொங்குது, உள்ள உன் பேருல தொங்கினா, நீ காப்பி அடிச்சேன்னுதான் நினைப்பாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் ஓநாயின் கையில் பாதி மதிப்பெண் இருந்தது. மறுபாதி, வருகிற மேடத்தின் கையில். புத்தகங்களுக்கு அட்டையும் எழுத்தும் செய்கிற அலுவலகம் நடத்துகிறவர் அந்த அம்மாள். வருடத்துக்கு ஒரே ஒரு மாணவரை, சுவரில் தொங்குவதைப் பார்த்து, வேலைக்கு எடுப்பார். ஸ்கேல் முதல் வருடத்திலிருந்து அந்த நாற்காலியைத்தான் கனவு கண்டுகொண்டிருந்தாள். காட்டுவதற்கு அவளிடம் இருந்த உயிரான வேலை ‘உள்ளே வா’ ஒன்றுதான். மீதி ஏழும் நன்றாகச் செய்த வீட்டுப்பாடம்.

வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் கோப முகங்கள் கொட்டின. அறுபத்திரண்டு என்று எண்ணினாள். நேரில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கும் பாதி மதிப்பெண் அதே மேஜையில்தான் இருந்தது. அதற்காக மன்னிக்கலாமா என்றால், எனக்குத் தெரியவில்லை. அவள் மன்னிக்கவில்லை.

வீட்டில் அம்மா சட்டென்று முடிவு சொல்லிவிட்டாள். “மூணு வருஷம் பல்லைக் கடிச்சாச்சு. இன்னும் ஏழு நாள் கடி. கோபம் இருக்கற இடத்துலதான் குணம் இருக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க. சொல்றவங்க எவரும் மார்க் போட மாட்டாங்க.”

அப்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், ஃப்ளெக்ஸை நேரில் பார்த்துவிட்டு வந்தார். “எழுத்து ஏன் அங்க தடியா இருக்கு?” என்று கேட்டார். டைல்ஸ்காரருக்குத் தெரிந்தது. பட்டம் பெற்ற ஒருவருக்கும் தெரியவில்லை.

“நான் போட்ட தரையைக்கூட மேஸ்திரி தான் போட்டதுன்னு சொல்லிக்குவாரும்மா. சொல்லிட்டுப் போகட்டும். தரை அங்கதானே இருக்கு.”

“உங்க தரையை யாரும் இழுத்து அகலமாக்கலையேப்பா.”

அப்பா அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

ரிவ்யூ, முதல் மாடியில், வாசலையும் எதிர்ச்சாரியையும் பார்த்த பெரிய கூடத்தில் நடந்தது. ஆளுக்கு எட்டடிச் சுவர், எட்டு போர்டு. ஸ்கேல் காலையிலேயே வந்து ஏழு போர்டை மாட்டினாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் சரியாக நாலு விரற்கடை. எட்டாவது இருக்கவேண்டிய இடத்தில் நாலு ஆணியை மட்டும் அடித்து, கீழே ‘உள்ளே வா’ என்று பெயர்ச்சீட்டை ஒட்டினாள். சுற்றிவந்த வாட்டர்மார்க் வெறும் ஆணிகளைப் பார்த்தார், சீட்டைப் பார்க்கவில்லை. “சமத்து” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவருக்கு எழுத்து எப்போதுமே கண்ணில் படுவதில்லை.

மேடம் கட்டைக்குரல், வெள்ளைக் கிராப். யாரிடமும் குசலம் விசாரிக்கவில்லை. ஸ்கேலின் சுவருக்கு வந்து, முதல் போர்டிலிருந்து ஏழாவது வரைக்கும் நிதானமாக நடந்து, வெறும் ஆணிகளின் முன் நின்றார். குனிந்து சீட்டைப் படித்தார்.

“பேரு இருக்கு, படம் எங்க?”

ஸ்கேல் வாயைத் திறப்பதற்குள் வாட்டர்மார்க் முந்திக்கொண்டார். “அது இந்தப் பொண்ணு முடிக்கலை மேடம். கொஞ்சம் கோபக்காரி. எதையும் பாதியில விட்டுரும்.”

கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். முப்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். திருடியதைக்கூட அவள் ஒரு வாரம் விழுங்கிக்கொண்டு நடந்தாள். முடிக்கவில்லை என்று சொன்னதை அவளால் விழுங்க முடியவில்லை. பதினோரு வாரமும் ஒன்றாகத் திரண்டு தலைக்கு ஏறியது.

“முடிச்சதுங்க மேடம்” என்றாள். குரல் மிகவும் தணிந்து, மிகவும் பணிவாக இருந்தது. “அகலத்துல மட்டும் நூத்துக்கு இருபது இழுத்திருக்காங்க. அதைக் கழிச்சுட்டுப் பாருங்க.”

சொல்லிவிட்டு, வாட்டர்மார்க்கைத் தாண்டி ஜன்னலுக்குப் போனாள். புரொஜெக்டருக்காக மூடிவைத்திருந்த கனத்த திரையை இரண்டு கையாலும் பிடித்து, வளையங்கள் கம்பியில் கிறீச்சிட, சுவர் முட்டுகிறவரைக்கும் இழுத்தாள்.